எண்டோமெட்ரியோசிஸ் ஒபரேஷன்: போறதுக்கு முன்ன லயத்துல செய்ய வேண்டியதும், வந்த பிறகு பார்க்க வேண்டியதும்

டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது வாட்டுல நர்ஸ் மிஸ்ஸி எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் சொல்லுவாங்க: பாரம் தூக்காதீங்க, நல்லா ஓய்வெடுங்க, புண்ணைச் சுத்தமா வச்சுக்கோங்க. வீட்டுக்குள்ளேயே குழாயும் கொமட்டும் இருக்கிறவங்களுக்கு அது போதும். பீலியில தண்ணி பிடிக்கிற, விறகு அடுப்பு ஊதுற, ரோட்டுல இறங்கிப் படி ஏறித் தேயிலைத் தோட்டத்து லயத்துக்குப் போற நமக்கு அந்த மூணு சொல்லுக்குள்ள ஒரு மாச வேலை இருக்கு. குடத்துத் தண்ணி பாரமா? புள்ளையைத் தூக்கலாமா? ராத்திரி இருட்டுல கக்கூசுல குந்தி எந்திரிக்கிறது எப்படி? இதையெல்லாம் ஒபரேஷன் முடிஞ்ச பிறகு யோசிச்சா நடக்காது. போறதுக்கு முந்தியே முடிச்சு வைக்கணும்.

நான் மஸ்கெலியாவுக்கு மேல ஒரு தோட்டத்துப் பிள்ளைமடுவத்துல, கொழுந்து எடுக்கப் போறவங்க புள்ளைங்களைப் பார்த்துக்கிற இடத்துல, வேலை செய்யறேன். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறாங்க. எனக்கு இடது பக்கச் சூலகத்துல சொக்லட் சிஸ்ட்னு சொல்ற பழைய இரத்தம் நிறைஞ்ச கட்டி, கர்ப்பப்பைக்குப் பின்னால குடலோட ஒட்டல். வயித்துல சின்ன ஓட்டை போட்டுக் கமரா விட்டுச் செய்யற லெப்ரோஸ்கோப்பி முறையில எடுத்தாங்க. அதுக்குப் பிறகு எங்க டிவிஷன்லயும் கீழ் டிவிஷன்லயும் இதே ஒபரேஷனுக்குத் தேதி கிடைச்சவங்க வந்து கேட்டுக் கேட்டு, சொல்லிச் சொல்லி, எழுதியே வைக்கலாம்னு தோணுச்சு. உங்க டொக்டர் வேற மாதிரி சொன்னா அவர் சொல்றதைத்தான் கேட்கணும். அவர் பார்க்காத இடம் நம்ம வீடு, அதுக்குத்தான் இது.

நோயைப் பத்திச் சுருக்கமா. கர்ப்பப்பைக்கு உள்ள இருக்கிற தோல் மாதிரியே ஒரு திசு, சூலகம், கருக்குழாய், குடல், மூத்திரப்பைன்னு வெளியிடத்துல வளரும். மாசாமாசம் அதுவும் வீங்கிக் கசியும். கசியறது வெளிய போக வழியில்லாம அங்கயே புண்ணாகும், தழும்பாகும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டும். பிள்ளை பெறுற வயசுல இருக்கிற பெண்கள்ல 10 பேருக்கு ஒருத்தருக்கு, உலகம் முழுக்க சுமார் 19 கோடிப் பேருக்கு இது இருக்குன்னு உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுது. அதனால "எனக்கு மட்டும் ஏன் இந்தக் கெட்ட நோய்"னு கேட்கிறதை விட்டுருங்க. இன்னொண்ணையும் இப்பவே தெரிஞ்சுக்கோங்க. ஒபரேஷன் பண்ணினா வலி குறையும், நிறையப் பேருக்கு நல்லாவே குறையும். ஆனா திரும்பி வரக்கூடிய நோய் இது. அதனாலதான் பிறகு மாத்திரை குடுக்கிறாங்க. அந்த மாத்திரைக் கதையைக் கடைசியில சொல்றேன்.

கிளினிக்குல

வீஓஜி டொக்டர்கிட்ட, அதாவது பெண்நோய் டொக்டர்கிட்ட, நமக்குக் கிடைக்கிற நேரம் கொஞ்சம். பெஞ்சு நிறைய ஆள் காத்துக்கிட்டு இருக்கும். அங்க போய் யோசிச்சா பாதி மறந்துரும். வீட்டுக் கலண்டர்லயே இரண்டு மூணு மாசத்துக்குக் குறிச்சு வைங்க: தீட்டு வந்த நாள், நின்ன நாள், வலி வந்த நாள், மாத்திரை போட்டா அடங்குன வலியா, காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்கே போக முடியாத வலியா.

வெக்கத்தை வாசல்ல விட்டுட்டுச் சொல்ல வேண்டியது மூணு இருக்கு. தீட்டு நேரத்துல வெளிக்குப் போகும்போது வலிக்குதா, மலத்தோட இரத்தம் வருதா? ஒண்ணுக்குப் போகும்போது வலிக்குதா? புருஷன்கூடச் சேரும்போது உள்ளுக்குள்ள ஆழமா வலிக்குதா? குடல்லயோ மூத்திரப்பையிலயோ நோய் பிடிச்சிருந்தா அது வேற அளவு ஒபரேஷன். குடல் சத்திரசிகிச்சை டொக்டரும் கூட நிக்க வேண்டி வரலாம், எம்ஆர்ஐ எடுக்க வேண்டி வரலாம், நம்ம பக்கத்து ஆஸ்பத்திரியில இருந்து கண்டிக்கோ பேராதனைக்கோ மாத்த வேண்டி வரலாம். சாதாரண ஸ்கேன்ல எல்லா இடமும் தெரியாது. நம்ம வாய்தான் அங்க ஸ்கேன்.

கேட்க வேண்டியதைக் கிளினிக் கொப்பியோட உள் அட்டையில எழுதிக்கிட்டுப் போங்க. சின்ன ஓட்டை போட்டுச் செய்யப் போறாங்களா, வயித்தைக் கீறியா? ஓட்டையில ஆரம்பிச்சுத் தேவைப்பட்டா கீறுவாங்களா? நோயை வெட்டி எடுக்கிறதா, கரிக்கிறதா? சூலகத்தையோ கர்ப்பப்பையையோ எடுக்கிற பேச்சு இருக்கா? குடல்ல கை வைப்பாங்களா? பிள்ளை வேணும்னு ஆசை இருந்தா அதையே முதல் வார்த்தையாச் சொல்லிருங்க. சூலகத்துல இருக்கிற சிஸ்டை உரிச்சு எடுக்கும்போது அதோட கொஞ்சம் முட்டையும் போகும். பிள்ளை வேணும்கிறவங்களுக்கும் பெத்து முடிச்சவங்களுக்கும் டொக்டர் எடுக்கிற முடிவு வேறயா இருக்கலாம்.

சம்மதக் கையெழுத்துத் தாளைத் தமிழ்ல கேளுங்க, இல்லாட்டித் தமிழ் தெரிஞ்ச ஒருத்தரை விட்டு வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. 1987ல அரசியலமைப்புக்கு வந்த 13ஆவது திருத்தத்தோட தமிழும் இந்த நாட்டு அரசகரும மொழி. இதைக் கேட்கத் தலையைக் குனிய வேண்டியதில்லை. ஆனாலும் நடுராத்திரி வாட்டுல தமிழ் தெரிஞ்ச ஆள் இல்லாமப் போகலாம், அதுக்கு நாலு சொல் கையில இருக்கட்டும். வலிக்குதுன்னா "ரிதெனவா", இரத்தம் போகுதுன்னா "லே யனவா", வாந்தி வருதுன்னா "வமனே எனவா", மூச்சு எடுக்கக் கஷ்டம்னா "ஹுஸ்ம கன்ன அமாருய்".

இரத்தமும் தேத்தண்ணியும்

தேதி குடுத்த உடனே பார்க்க வேண்டியது இரத்தம். மாசாமாசம் அளவுக்கு மீறிப் போறவங்களுக்கு உடம்புல இரத்தம் குறைஞ்சு இருக்கும். ஹீமோகுளோபின் 12க்குக் கீழ இருந்தா இரத்தச்சோகைன்னு கணக்கு. ரொம்பக் குறைவா இருந்தா ஒபரேஷனையே தள்ளிப் போடுவாங்க. இரும்பு மாத்திரை குடுப்பாங்க, அதை நம்ம ஆளுங்க காலையில தேத்தண்ணியோட முழுங்குவாங்க. அங்கதான் பிழை. தேத்தண்ணியில இருக்கிற டெனின் இரும்பை உடம்புல சேர விடாது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் குறைஞ்சது ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி வேண்டாம், இரண்டு மணித்தியாலம்னா இன்னும் நல்லது. தேசிக்காய்த் தண்ணியோட போடுங்க, இல்ல ஒரு கொய்யாப்பழம் கடிச்சுக்கோங்க. விட்டமின் சி இருந்தா இரும்பு நல்லா ஏறும். தேயிலை மலையில இருந்துக்கிட்டு தேத்தண்ணி குடிக்காதேன்னு சொல்ற அளவுக்கு நான் கல்நெஞ்சுக்காரி இல்ல, நேரத்தை மட்டும் மாத்துங்க. மலம் கறுப்பாப் போகும், பயப்படாதீங்க. சோத்துக்கு முருங்கைக்கீரை, பருப்பு, நெத்திலிக் கருவாடு, கிடைச்சா ஈரல்.

வெத்திலையோட பொயிலை போடுறவங்க தேதி கிடைச்ச அன்னைக்கே பொயிலையை நிறுத்தணும். புகையிலை எந்த வழியில உடம்புக்குள்ள போனாலும் புண் ஆறுறதைத் தாமதிக்கும். தலைவலிக்கு டிஸ்பிரின் கரைச்சுக் குடிக்கிற பழக்கம் இருந்தா டொக்டர்கிட்ட சொல்லிருங்க, அது இரத்தத்தை உறைய விடாது. கஷாயம், லேகியம், கருத்தடை மாத்திரை எதுவா இருந்தாலும் சொல்லுங்க. பிரஷர், சீனி மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க. எதை எப்ப நிறுத்தணும்னு மயக்க மருந்து டொக்டர் சொல்லுவார்.

வீட்டை ஆயத்தம் பண்றது

இதுதான் பெரிய வேலை. பாரக் கணக்கை முதல்ல மனசுல போட்டுக்கோங்க. ஒரு லீட்டர் தண்ணி ஒரு கிலோ. முதல் சில கிழமைக்கு நாலு கிலோவுக்கு மேல தூக்க வேண்டாம்னுதான் பொதுவாச் சொல்லுவாங்க. நிறைஞ்ச கேத்தல் தூக்கலாம். பாதி வாளி கூடாது. குடம் 10, 15 கிலோ வரும், அந்தப் பக்கமே போகாதீங்க. ஒரு வயசுப் புள்ள ஒன்பது கிலோ இருக்கும். எனக்குப் பிள்ளைமடுவத்துல இதுதான் பெரிய கஷ்டமா இருந்துச்சு, புள்ளைங்க கையை நீட்டிக்கிட்டே வரும். தரையில பாய் போட்டு உட்கார்ந்து, புள்ள தானா மடியில ஏறட்டும். நின்னுக்கிட்டு குனிஞ்சு தூக்குறதுதான் ஆகாது.

தண்ணிக்கு: ஒன்றரை லீட்டர் சோடாப் போத்தல்களைச் சேர்த்து வைங்க. யாராவது காலையில நிரப்பி அடுக்களையில வரிசையா வச்சிட்டா, குடிக்க, முகம் கழுவ, கக்கூசுக்குன்னு ஒவ்வொண்ணா எடுத்துக்கலாம். குடத்தைச் சாய்ச்சு ஊத்துற வேலையும் மிச்சம்.

விறகை முன்கூட்டியே சின்னதாப் பிளந்து, இடுப்பு உயரத்துக்கு அடுக்கி வைக்கச் சொல்லுங்க. அடுப்பு தரையோட இருந்தா குனியற வேலை, ஊதுற வேலை, அதுக்கு மேல புகை. புகை வந்தா இருமல் வரும், இருமினா தையல் போட்ட இடம் உயிர் போகும். முதல் கிழமையாவது அடுப்படிக்கு வேற ஆள். மிளகாய்த்தூள், சரக்குத்தூள் எல்லாம் முன்னாடியே இடிச்சோ திரிச்சோ வச்சிருங்க. தேங்காய் துருவுறதும் ரொட்டிக்கு மா பிசையறதும் லேசான வேலைன்னு நினைப்போம், இரண்டுமே வயித்தை இறுக்கித்தான் நடக்கும்.

கக்கூசுதான் ரொம்பப் பேர் சொல்ல வெக்கப்படுற விஷயம். கீறல் வயித்தோட குந்தறது கஷ்டம், குந்திட்டு எந்திரிக்கிறது அதைவிடக் கஷ்டம். பழைய பிளாஸ்டிக் கதிரை ஒண்ணை எடுத்து, உட்கார்ற இடத்துல வட்டமா வெட்டி, வெட்டின ஓரத்தை அரத்தால ராவி, பழைய துணியைச் சுத்திக் கட்டுங்க. அதைக் குழிக்கு நேரா வச்சா கொமட் தயார். கால் வழுக்காம நிக்குதான்னு வீட்டுல பாரமான ஆளை உட்கார வச்சுப் பாருங்க. எங்க வீட்டுல அப்பாதான் செஞ்சார், இப்ப அந்தக் கதிரை லயம் லயமாப் போய் வருது. பிரசவம் ஆனவங்களும் கேட்டு வாங்கிக்கிட்டுப் போறாங்க. கக்கூசு வெளியில இருந்தா டோர்ச் ஒண்ணு, மழைக்குச் செருப்பு வழுக்காததா ஒண்ணு. ராத்திரிக்கு மட்டும் மூடியுள்ள வாளி உள்ளேயே இருக்கட்டும், மழையில நனைஞ்சு வழுக்கி விழறதைவிட அது எவ்வளவோ மேல்.

தரையில படுக்கிறவங்க ஒரு மாசத்துக்காவது கட்டிலுக்கு மாறுங்க, இரவலாவது ஒண்ணு வாங்குங்க. எந்திரிக்கிற முறையை இப்பவே பழகிக்கோங்க: முழங்காலை மடக்கி, ஒருக்களிச்சுத் திரும்பி, காலைக் கீழ தொங்கவிட்டு, முழங்கையாலயும் உள்ளங்கையாலயும் தள்ளி எந்திரிக்கணும். மல்லாக்கப் படுத்த மேனிக்கு நேரா எந்திரிக்கக் கூடாது.

உடுப்புல ஒரு விஷயம். லெப்ரோ ஓட்டை ஒண்ணு தொப்புள்ல வரும், மத்தது அடிவயித்து இரண்டு பக்கமும் வரும். பாவாடை நாடா கட்டுற இடம் சரியா அதுக்கு மேலதான் விழும். சேலை, பாவாடையை மறந்துட்டு இரண்டு மூணு தொளதொளன்னு இருக்கிற நைட்டி தைச்சு வச்சுக்கோங்க, குளிருக்கு முன்பக்கம் பட்டன் வச்ச சுவெட்டர். தலைவழியாப் போடுற சுவெட்டர் வேண்டாம், கையைத் தூக்கும்போது வயிறு இழுக்கும்.

ஆள் ஏற்பாட்டை வாயால சொல்லி விடாதீங்க. தண்ணிக்கு யார், விறகுக்கு யார், புள்ளையை ஸ்கூலுக்கு விட யார், கோழி ஆட்டைப் பார்க்க யார்னு பேரோட ஒரு தாள்ல எழுதிக் கதவுல ஒட்டுங்க. "எல்லாரும் பார்த்துக்குவோம்"னு சொன்னா யாரும் பார்க்க மாட்டாங்க. புருஷன் பேர் அந்தத் தாள்ல கட்டாயம் இருக்கணும். லயத்துச் சுவர் மெல்லிசு, என்ன ஒபரேஷன்னு பத்துப் பேர் கேட்பாங்க. "வயித்துல கட்டி எடுத்தாங்க"ன்னு ஒரே பதிலை வீட்டுல எல்லாரும் பேசி வச்சுக்கிட்டா தொல்லை குறையும். விவரமாச் சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்.

போற அன்னைக்கு

மூக்குத்தி, மெட்டி, வளையல், தாலிக்கொடி எல்லாத்தையும் கழட்டணும். ஒபரேஷன்ல மின்சாரத்தால கரிக்கிற கருவி பாவிப்பாங்க, உடம்புல உலோகம் இருந்தா அந்த இடம் சுடலாம். வருஷக் கணக்காக் கழட்டாத மூக்குத்தி அன்னைக்குக் காலையில வராது. ஒரு கிழமைக்கு முன்னயே தேங்காய் எண்ணெய் விட்டு ஆட்டி இளக்குங்க. தாலியைக் கழட்ட மனசு வராதவங்களுக்கு மஞ்சள் கயித்துல மஞ்சள் துண்டு கட்டிப் போடுறது நம்ம வழக்கத்துலயே இருக்கு. நகத்துல மருதாணியோ கியூட்டெக்ஸோ வேண்டாம், ஒக்சிஜன் பார்க்கிற கருவியை விரல்லதான் மாட்டுவாங்க. அடிவயித்து முடியை நீங்களா ரேசரால வழிக்காதீங்க, சின்னக் கீறல் விழுந்து கிருமி ஏறும். தேவைன்னா அங்கயே எடுப்பாங்க.

பட்டினியைப் பத்தி ஆஸ்பத்திரியில சொல்ற நேரத்தை எழுத்தில் வாங்குங்க. பொதுவா சோறு, ரொட்டி எல்லாம் ஆறு மணித்தியாலத்துக்கு முன்ன நிறுத்தணும், வெறும் தண்ணி இரண்டு மணித்தியாலத்துக்கு முன்ன. பால் ஊத்தின தேத்தண்ணி சாப்பாட்டுக் கணக்குல சேரும், "குடிக்கிறதுதானே"ன்னு ஏமாறாதீங்க. ஒரு மடக்குப் பால் தேத்தண்ணிக்காகத் தியேட்டர் லிஸ்டுல இருந்து பேரை வெட்டிட்டா, அடுத்த தேதிக்கு எத்தனை மாசம் காத்திருக்கணுமோ. சளி, காய்ச்சல் வந்தா மறைக்காம முன்னாடியே போன் பண்ணிச் சொல்லிருங்க.

பையில அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, பழைய ஸ்கேன் எல்லாம், பேட், காலுறை, சுடுதண்ணி போத்தல், இஞ்சி டொபி, சின்னத் தலகாணி ஒண்ணு. தலகாணியை மறக்காதீங்க. அரச ஆஸ்பத்திரியில ஒபரேஷன் இலவசம்தான், ஆனா கூட வர்றவங்களோட பஸ் காசு, சாப்பாடு, சிலநேரம் வெளியில வாங்கச் சொல்லி எழுதிக் குடுக்கிற மருந்து, இதுக்குக் கையில கொஞ்சம் வேணும். சீட்டு போடுறவங்க அந்த மாசத்துக்கு ஏலம் எடுக்கப் பாருங்க.

வாட்டுல

கண் முழிக்கும்போது தொண்டை கரகரன்னு இருக்கும், குழாய் விட்டதால. மூத்திரத்துக்கும் குழாய் போட்டிருக்கலாம். இதெல்லாம் டொக்டர் சொல்லியிருப்பார். நிறையப் பேரைப் பயமுறுத்துறது தோள்வலி. வயித்துல ஒபரேஷன், தோள்பட்டை ஏன் வெட்டுற மாதிரி வலிக்குது, நெஞ்சுல ஏதும் ஆச்சோன்னு பதறுவாங்க. உள்ள பார்க்கிறதுக்காக வயித்தைக் காபனீரொட்சைட்டு வாயுவால ஊதுவாங்க. முடிஞ்ச பிறகும் கொஞ்சம் வாயு தங்கி, நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற உதரவிதானத்தை உறுத்தும். அந்த நரம்பு தோள் வரைக்கும் வலியைக் காட்டும். உட்கார்ந்தா கூடும், படுத்தா குறையும். இரண்டு மூணு நாள்ல உடம்பே அதை உறிஞ்சிரும். எனக்கு வயித்து வலியைவிட முதல் ராத்திரி அந்தத் தோள்வலிதான் பெரிசு. பக்கத்துக் கட்டில் ஆச்சி சிங்களத்துல ஏதோ சொல்லிக்கிட்டே முதுகைத் தடவிக் குடுத்தாங்க, பாதி புரியல, இதமா இருந்துச்சு. நடக்கிறது, சுடுதண்ணி குடிக்கிறது, தோள்ல மட்டும் ஒத்தடம், இதெல்லாம் உதவும். மூச்சுத் திணறலோ நெஞ்சை அழுத்துற வலியோ கூட இருந்தா அது வேற, உடனே மிஸ்ஸியைக் கூப்பிடணும்.

வலி உச்சத்துக்குப் போன பிறகு மருந்து கேட்காதீங்க, ஏறத் தொடங்கும்போதே கேளுங்க. மிஸ்ஸி எந்திரிச்சு நடக்கச் சொன்னா நடங்க. படுத்தே கிடந்தா கால்ல இரத்தம் கட்டும், அது நெஞ்சுக்கு ஏறினா ஆபத்து. படுத்திருக்கும்போதும் பாதத்தை மேலும் கீழுமா ஆட்டிக்கிட்டே இருங்க.

டிக்கட் வெட்டுறதுக்கு முன்ன கேட்க வேண்டியது: உள்ள எங்கெங்க நோய் இருந்துச்சு, எதை எடுத்தாங்க, எதை விட்டாங்க? தையல் தானாக் கரையுமா, பிரிக்கணுமா? சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினாங்களா, ரிப்போர்ட் எப்ப, எங்க வாங்கணும்? அந்த ரிப்போர்ட்டை வாங்காமலே விட்டவங்க எங்க பக்கம் நிறைய. அதுலதான் என்ன நோய்னு உறுதியா எழுதியிருக்கும். மெடிக்கல் சர்டிபிகேட்டையும் அன்னைக்கே வாங்கிருங்க. தோட்டத்துல கேட்கும்போது திரும்ப அவ்வளவு தூரம் போக முடியாது.

வர்ற வழி

கண்டியில இருந்து கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை, ஹட்டன்னு வளைஞ்சு வளைஞ்சு வர்ற ரோடு. பஸ்ல வர வேண்டி இருந்தா முன்பக்க சீட், பின் சக்கரத்துக்கு மேல வேண்டாம். முடிஞ்சா நாலு பேர் சேர்ந்து வேன் பிடிங்க. அந்தச் சின்னத் தலகாணியை வயித்தோட அணைச்சுக்கிட்டா குலுக்கல் பாதி குறையும். இருமல், தும்மல், சிரிப்பு எதுக்கும் அதே தலகாணிதான். வாந்தி வர்ற ஆளா இருந்தா அதுக்கு மாத்திரையை வாட்டுலயே கேட்டு வாங்குங்க, வாந்தி எடுத்தா வயிறு இழுத்துப் பிடிக்கும். ஹட்டன்ல இறங்கி ஒரு ஐந்து நிமிஷம் நடங்க.

படி ஏறலாம். ஏறவே கூடாதுன்னு சிலர் சொல்லுவாங்க, அப்படி இல்ல. ஒரு படியில இரண்டு காலையும் வச்சு, நின்னு, மூச்சு வாங்கி, அடுத்த படி. பாதி வழியில உட்கார ஒருத்தர் கதிரையோட நிக்கட்டும்.

வீட்டுல

வந்த உடனே பத்தியம் தொடங்கும். பிள்ளை பெத்தவளுக்குச் செய்யற எல்லாத்தையும் நமக்கும் செய்வாங்க: தண்ணி குடிக்காதே, கீரை வேண்டாம், பழம் குளிர்ச்சி, குளிக்காதே. பாசத்துல சொல்றதுதான். பூண்டுக் குழம்பு சாப்பிடுங்க, நல்ல சாமான். தண்ணியைக் குறைக்கிறதை மட்டும் ஒத்துக்காதீங்க. வலி மாத்திரையில சிலது மலத்தைக் கட்டும், இரும்பு மாத்திரையும் கட்டும், பத்தியமும் கட்டும், மூணும் சேர்ந்தா ஒபரேஷன் வலியே பரவாயில்லைன்னு ஆயிரும். தண்ணி, பப்பாசிப்பழம், கீரை, ஓட்ஸ், அதுவும் சரிவராட்டி டொக்டர் குடுத்த மலமிளக்கி. முக்கவே கூடாது. கதிரை கொமட்டுல உட்காரும்போது காலுக்குக் கீழ ஒரு சின்னப் பலகை வச்சா லேசாப் போகும். முதல்ல சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி. வயிறு ஊதியே இருக்கும், ஒரு கிழமை இரண்டு கிழமைல வடியும்.

குளிக்கிறதுக்கு மிஸ்ஸி சொன்ன நாள்ல இருந்து சுடுதண்ணியை மொண்டு ஊத்திக் குளிக்கலாம். குளத்துல, ஆத்துல, பீலிக்கு அடியில இப்ப வேண்டாம். புண்ணைத் தேய்க்காம, சுத்தமான துணியால ஒத்தி எடுங்க. தொப்புள்ல ஈரம் தங்கும், அதைக் கவனமாத் துடைங்க. நம்ம ஊர்க் குளிர்ல துணி காயாது, ஈரப் பாவாடையைக் கட்டிக்கிட்டு இருந்தா புண் ஊறிரும். புண்ணு மேல மஞ்சள், எண்ணெய், தேயிலைத் தூள் எதுவும் வைக்காதீங்க. சுடுதண்ணிப் போத்தலை இடுப்புக்கு வச்சுக்கலாம், துணி சுத்தித்தான். ஒபரேஷன் பண்ணின இடத்துல தோல் மரத்துப் போயிருக்கும், சுட்டாலும் தெரியாது.

ஒரு கிழமை இரண்டு கிழமைக்குக் கொஞ்சம் கொஞ்சமா இரத்தம் படும். பேட் மட்டும் பாவிங்க. அடுத்து வர்ற முதல் தீட்டு சிலருக்கு முன்னைவிட வலியா வரும். ஒபரேஷன் சரிவரலையோன்னு அழுதுக்கிட்டு வந்தவங்களை நான் பார்த்திருக்கேன். அந்த ஒரு மாசத்தை வச்சு எதையும் முடிவு பண்ண வேண்டாம். புருஷனோட சேர்றது எப்பன்னு டொக்டரையே கேளுங்க, உள்ள எங்க வெட்டினாங்கங்கிறதைப் பொறுத்து அது மாறும். கேட்க வெக்கமா இருந்தா மிட்வைஃப் மிஸ்கிட்ட கேளுங்க, அவங்களுக்கு இது அன்றாடப் பேச்சு.

ஒவ்வொரு நாளும் வலி நேத்தைவிடக் குறையணும். ஒரு நாள் குறைஞ்சு மறுநாள் கூடினா, அதுவும் வயிறு கல்லா இறுகி, வாந்தியோட வந்தா, காலையில பார்க்கலாம்னு இருக்காதீங்க. குடல்ல காயம் பட்டிருந்தா அப்படித்தான் காட்டும். காய்ச்சல் 38 பாகைக்கு மேல, புண் சிவந்து சீழ் வர்றது, கெட்ட வாசமா வெள்ளை படுறது, ஒரு மணித்தியாலத்துக்குள்ள பேட் நனையற இரத்தம், மூத்திரம் போக முடியாதது, ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலிக்கிறது, மூச்சு வாங்குறது, எதுவா இருந்தாலும் ஆஸ்பத்திரிதான். 1990க்கு அடிச்சா சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். ஆனா லயத்து வாசல் வரைக்கும் வண்டி வர முடியாத தோட்டம் எத்தனையோ. எந்த இடத்துல வண்டி நிக்கும், அந்த இடத்துக்கு என்ன பேர் சொன்னா டிரைவருக்குப் புரியும், கதிரையில வச்சுத் தூக்கிக்கிட்டு இறங்க எந்த நாலு பேர்னு முன்னாடியே பேசி வைங்க. கதவுல ஒட்டின தாள்ல அதுவும் இருக்கட்டும்.

மலைக்குத் திரும்புறது, மாத்திரை

சின்ன லெப்ரோவா இருந்தா இரண்டு மூணு கிழமையில லேசான வேலைக்குத் திரும்பலாம். நோய் ஆழமா இருந்து நிறைய வெட்டி எடுத்திருந்தா நாலுல இருந்து ஆறு கிழமை. வயித்தைக் கீறியிருந்தா அதுக்கும் மேல. இதெல்லாம் கதிரையில உட்கார்ந்து வேலை செய்யறவங்களையும் சேர்த்துச் சொல்ற கணக்கு. கொழுந்து எடுக்கிறது வேற. படங்கை இடுப்புல இறுக்கிக் கட்டி, தலையில கயிறு மாட்டி, ஈரக் கொழுந்து நிறைஞ்ச சாக்கோட சரிவுல இறங்குறது வயித்துத் தசை முழுக்க வேலை செய்யற பாரம். டொக்டர்கிட்ட "வேலைக்குப் போகலாமா"ன்னு மட்டும் கேட்டா "போகலாம்"னு சொல்லிருவார். "15 கிலோ தலையில சுமந்து மலை இறங்கலாமா"ன்னு கேளுங்க. பதில் மாறும். அதைக் கடிதத்துல எழுதி வாங்கி, தோட்டத்து டிஸ்பென்சரியில காட்டி, கொஞ்ச நாளைக்குப் பாரமில்லாத வேலை கேளுங்க. தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிக்கிட்டுப் போனா பேச்சு சுலபம். பேர் விழாத, சம்பளமில்லாத நாளை நினைச்சு அவசரப்படத் தோணும்னு தெரியும். தையல் உள்ள பிரிஞ்சு குடலிறக்கம் வந்தா இன்னொரு ஒபரேஷன், இன்னும் நிறைய நாள் போகும்.

இனி மாத்திரை. உடனே பிள்ளை வேண்டாம்கிறவங்களுக்கு நோய் திரும்பாம இருக்க ஹோர்மோன் மருந்து குடுப்பாங்க. டயனோஜெஸ்ட் மாத்திரையா இருக்கலாம், சாதாரணக் கருத்தடை மாத்திரையா இருக்கலாம், ஊசியா இருக்கலாம், கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற மிரேனாவா இருக்கலாம். பெட்டியைப் பார்த்த உடனே வீட்டுல கேள்வி வரும். எங்க மாமியார், "புள்ளையே இல்லாதவ புள்ள வேண்டாம்னு மாத்திரை போடுறாளே"ன்னு அடுத்த காம்பராவுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாங்க. நான் அவங்களையே அடுத்த கிளினிக்குக்குக் கூட்டிக்கிட்டுப் போய் மிஸ்ஸி பக்கத்துல உட்கார வச்சேன். தீட்டை அடக்கி வச்சா உள்ள இருக்கிற நோயும் அடங்கி இருக்கும், பிள்ளைக்கு முயற்சி பண்ற நேரம் வந்ததும் நிறுத்தலாம்னு மிஸ்ஸி சொன்னதை மாமி இப்ப மத்தவங்களுக்குச் சொல்றாங்க. பிள்ளைக்கு முயற்சி பண்ணப் போறவங்களா இருந்தா நிலைமை தலைகீழ்: மாத்திரை இல்லாம, டொக்டர் சொன்ன நேரத்துல இருந்து தாமதிக்காம முயற்சி பண்ணணும். குடுத்த காலத்துக்குள்ள தங்காட்டிக் கருத்தரிப்புக் கிளினிக்குக்கு எழுதிக் கேட்கணும்.

டயனோஜெஸ்ட் தொடங்கினா முதல் மாசங்கள்ல கண்ட நேரத்துல இரத்தம் படும். அதைப் பார்த்து நிறுத்திராதீங்க. மனசு ரொம்பச் சோர்ந்தா, தூக்கம் போனா, தலைவலி விடாம இருந்தா டொக்டர்கிட்ட சொல்லி மாத்தலாம். சில ஊசி உடம்பைத் தற்காலிகமா மாதவிடாய் நின்ன நிலைக்குக் கொண்டு போகும், உடம்பு சூடேறும், எலும்பும் மெலியும். அதனால அதை வருஷக்கணக்காத் தனியாப் போட மாட்டாங்க. எந்த மருந்தா இருந்தாலும் தீர்றதுக்கு ஒரு கிழமை முந்தியே அடுத்ததுக்கு ஏற்பாடு பண்ணுங்க, மழை நாள்ல ரோடு மண் சரிஞ்சா டவுனுக்கு இறங்க முடியாது.

பழைய கலண்டர்ல குறிச்ச மாதிரியே இப்பவும் குறிச்சுக்கிட்டு வாங்க. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கலண்டர், சதைப் பரிசோதனை ரிப்போர்ட், டிக்கட் வெட்டும்போது குடுத்த அட்டை, மிச்சம் இருக்கிற மாத்திரைப் பெட்டி, இந்த நாலையும் ஒரே பொலித்தீன் பையில போட்டுக் கொண்டு போங்க.